கோலாலம்பூரில் துணி போட்டு மூடிய கடை

சின்னப் பதிப்பகங்களில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டு எழுதியிருந்தார்கள். வெளிநாட்டு மாநாட்டுக்குப் புத்தகம் கொண்டு போய்க் கடை போடுவது எப்படி, என்ன செலவாகும், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று. நான் போனது ஒரே ஒரு தடவை. 2012 டிசம்பர், கோலாலம்பூர். செலவு, தூரம், பெட்டியின் எடை எல்லாம் நினைவிருக்கிறது, சொல்கிறேன். கூடவே அங்கே நான் கோட்டை விட்ட ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டு டாக்சிக் கட்டணத்தை மட்டும் எழுதிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் கரீம், வீடு கோட்டக்குப்பம், வேலை திண்டிவனத்தில். கல்லூரிப் பேராசிரியர்களின் ஆய்வேடுகளைப் புத்தகமாகப் போடும் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பது முதல் பார்சல் கட்டுவது வரை எல்லாம் நான்தான். எங்கள் வீட்டில் அண்ணன்கள் மூன்று பேரும் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். தெருவில் பாதிப்பேர் அப்படித்தான். விமானம் ஏறாத ஆம்பளை என்று எங்கள் தெருவில் தேடினால் என்னைத்தான் காட்டுவார்கள். பாஸ்போர்ட் எடுத்துப் பன்னிரண்டு வருடம் சும்மா கிடந்து, காலாவதியாகி, இந்தப் பயணத்துக்காகத்தான் புதுப்பித்தேன்.

முதலாளி பெயர் ஏழுமலை. கடற்கரை மக்களின் வாழ்க்கையைப் பற்றிய பன்னாட்டு மாநாடு ஒன்று கோலாலம்பூரில் நடக்கிறது, பதிப்பகங்களுக்கு மேசை தருகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் முதலில் யோசிக்கவே இல்லை. நமக்கெதுக்கு அதெல்லாம் என்றுதான் சொன்னார். அவர் மனதை மாற்றியது அஞ்சலாட்சிக்கு வந்த ஒரு மின்னஞ்சல்.

அஞ்சலாட்சி மரக்காணத்துக்குப் பக்கத்துக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவர். அப்பா கடலுக்குப் போகிறவர். கடலுக்கு அடியில் இருக்கும் பாறைக்கும் சேற்றுக்கும் மணல் திட்டுக்கும் அந்தப் பக்கத்து மீனவர்கள் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்கு மேலே எதுவும் தெரியாது, ஆனாலும் இந்த இடம் இன்ன பெயர் என்று சரியாகச் சொல்லுவார்கள். அந்தப் பெயர்களை வைத்து இவர் முனைவர் பட்டம் வாங்கினார். அதைத்தான் நாங்கள் புத்தகமாகப் போட்டுக்கொண்டிருந்தோம். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம். ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதம் திரும்ப எடுப்பார்களா மாட்டார்களா என்று காத்திருக்க வேண்டும், மே மாதம் சம்பளம் கிடையாது. குப்பத்திலிருந்து திண்டிவனம், அங்கே பஸ் மாறி விழுப்புரம் என்று தினமும் போய் வருவதிலேயே பாதிச் சம்பளம் போய்விடும்.

தமிழ் படித்த ஒரு ஐரோப்பியப் பேராசிரியர் இவருடைய கட்டுரை ஒன்றை எங்கோ பார்த்திருக்கிறார். தன் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட ஆய்வு வேலை ஒன்று இருக்கிறது, மூன்று பேரை மனதில் வைத்திருக்கிறேன், அதில் நீங்களும் ஒருவர், கோலாலம்பூர் மாநாட்டுக்கு வருகிறேன், உங்கள் புத்தகத்தை அங்கே கடையில் பார்த்து, உங்கள் பதிப்பாளரிடமும் பேசிவிட்டு முடிவு செய்கிறேன் என்று எழுதியிருந்தார். புத்தகமோ நாங்கள் கிளம்புவதற்கு நாலு நாள் முன்புதான் பைண்டிங் முடிந்து வந்தது. தபாலில் அனுப்ப நேரமில்லை. அஞ்சலாட்சியே போகலாம் என்றால் பாஸ்போர்ட் இல்லை, பாஸ்போர்ட் இருந்தாலும் டிக்கெட்டுக்குப் பணமில்லை. ஆக அவருக்காகவும் சேர்த்து நான் போகிறேன் என்று முடிவாயிற்று.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் திண்டிவனம் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். விழுப்புரம் பஸ்ஸிலிருந்து இறங்கி மரக்காணம் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். புதுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். உங்களுக்குத்தான், வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"வந்து வாங்கிக்கறேன் சார். இதுவும் அங்க போவட்டும். அவரு ரெண்டு பக்கம் படிச்சாப் போதும், நா பேசறத விட அது நல்லாப் பேசும்," என்றார்.

அதற்குள் பஸ் வந்துவிட்டது. கூட்டத்தில் முண்டியடித்து ஏறி, உட்கார இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

இனி பயணக் கணக்கு. எல்லாம் அன்றைய விலை. சென்னை – கோலாலம்பூர் போக வர டிக்கெட் பதினாலாயிரத்து அறுநூறு ரூபாய். விசா, ஏஜென்ட் எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு. மேசை வாடகை மூன்று நாளைக்கு முந்நூற்றைம்பது ரிங்கிட். அப்போது ஒரு ரிங்கிட் பதினெட்டு ரூபாய் பக்கம். திண்டிவனத்திலிருந்து மீனம்பாக்கம் சுமார் நூற்றுப் பத்து கிலோமீட்டர், பஸ் அறுபத்தைந்து ரூபாய். புத்தகப் பெட்டிக்குத் தனி டிக்கெட் போடுவேன் என்று கண்டக்டர் பிடிவாதம் பிடித்தார். இருபத்துமூன்று கிலோ பெட்டி, அவரைக் குறை சொல்ல முடியாது.

பெட்டி பற்றி ஒரு வார்த்தை. புத்தகத்தை நிற்க வைத்து அடுக்காதீர்கள், படுக்க வைத்து அடுக்குங்கள், முனை மடங்காது. என் மனைவி நஜ்மா, அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த பச்சைப் படுக்கை விரிப்பை மேலே சுற்றிக் கொடுத்தாள். வெறும் மேசையில் புத்தகத்தைப் பரப்பினால் அசிங்கமாக இருக்கும், இதை விரித்துக்கொள்ளுங்கள் என்றாள். ஓரத்தில் இருந்த இடைவெளியில் மல்லாட்டை உருண்டை, அதாவது வேர்க்கடலை உருண்டை, ஒரு பொட்டலமும் திணித்தாள். சென்னை விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி என் முகத்தையும் பாஸ்போர்ட்டையும் பார்த்துவிட்டு, அங்கே என்ன வேலைக்குப் போகிறாய், யார் எடுத்தார்கள் என்று கேட்டார். புத்தகம் விற்கப் போகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. மாநாட்டு அழைப்பிதழைக் காட்டிய பிறகு, பெட்டியைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு விட்டார். அழைப்பிதழைக் கையிலேயே வைத்திருங்கள், பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் இறங்கினேன். நகரத்துக்கு பஸ் எட்டு ரிங்கிட், ஒண்ணேகால் மணி நேரம். மாநாடு நடந்த ஓட்டலில் தங்க நமக்குக் கட்டுபடியாகாது. இருபது நிமிட நடையில் ஒரு விடுதி, ஒரு நாளைக்குத் தொண்ணூறு ரிங்கிட், அதில் காலை ரொட்டி சாப்பாடும் உண்டு. அறை சின்னதுதான், ஆனால் சுத்தம்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு முதலாளி போன் செய்தார். கடை முதல் முதலாக ராகு காலத்தில் திறந்துவிடக் கூடாது என்பது அவருக்குப் பெரிய கவலை. திண்டிவனத்தில் நாங்கள் எந்தப் புதுப் புத்தகத்தையும் ராகு காலத்தில் விற்பனைக்கு வைத்ததில்லை. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அந்த நேரத்தில் வியாபாரம் தொடங்க வேண்டி வந்தால் துணியைப் போட்டு மூடிவிடுவோம், பன்னிரண்டுக்கு எடுப்போம். அது எனக்குப் பழகிப்போன விஷயம். நான் கேட்டது ஒன்றே ஒன்று. இங்கே மணி நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நம் ஊர் ராகு காலமா, இந்த ஊர் ராகு காலமா?

அவரும் இதை யோசித்திருக்கவில்லை. ஜோசியரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தார். அரை மணி நேரத்தில் திரும்ப வந்தார்.

"பாய், எந்த ஊருல நிக்கிறீங்களோ அந்த ஊரு டைம்தானாம். பத்தரைக்கு முன்ன தொறந்துடுங்க. இல்லாங்காட்டி பன்னெண்டு ஆவட்டும், ஜல்தி பண்ணாதீங்க."

சரி என்றேன். இதில் எனக்குக் கோபமோ சிரிப்போ எதுவும் வரவில்லை. சம்பளம் கொடுக்கிறவர், அவர் நம்பிக்கை அவருக்கு. எனக்கும் எனக்கென்று ஒன்று இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. அண்ணன்கள் ஒவ்வொருவரும் ஊருக்கு வரும்போது அந்த நாட்டுப் பள்ளிவாசலில் ஜும்மா தொழுததைப் பற்றிப் பேசுவார்கள். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது வெளிநாட்டில் ஜும்மா தொழ வேண்டும் என்று எனக்கும் ஆசை. பயணத்தில் இருப்பவனுக்கு ஜும்மா கட்டாயமில்லை என்பது தெரியும். கட்டாயம் என்பதற்காக நான் போக நினைக்கவில்லை, ஆசை என்பதற்காகத்தான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கே ஓட்டலுக்குப் போய்விட்டேன். பத்தரைக்குள் கடையைத் திறந்துவிட வேண்டும் என்று கணக்கு. ஆனால் சரக்கு ஏற்றும் லிஃப்ட் ஒன்றுதான் இருந்தது. பெரிய பதிப்பகங்களின் பெட்டிகள் வரிசையாக முன்னால் போயின. என் பெட்டி மேசைக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்து இருபத்தைந்து. கயிற்றை அவிழ்க்கவே ஐந்து நிமிடம் ஆகும். எனவே விரிப்பை எடுத்தேன், பெட்டியைப் பிரித்துப் புத்தகங்களை மேசையில் அடுக்கினேன், விரிப்பை மேலே போர்த்தினேன். அஞ்சலாட்சி என்னிடம் திருப்பிக் கொடுத்த பிரதியை நடுவில் தனியாக நிற்க வைத்திருந்தேன். விரிப்புக்கு அடியில் அது மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது.

என் மேசைக்கு ஒரு பக்கம் சுவர். இன்னொரு பக்கத்து மேசைக்கு இன்னும் ஆள் வரவில்லை. நான் கவலைப்படவில்லை. திண்டிவனத்தில் வெள்ளிக்கிழமை பத்தரைக்குத் துணி போட்ட கடையைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் காரணம் தெரியும். பன்னிரண்டுக்கு வருவோம் என்று போய்விடுவார்கள். யாரும் தொடவும் மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். அந்தத் துணியே அங்கே பதில். இங்கேயும் அது பதில் சொல்லும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை, இது யோசிக்க வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று பள்ளிவாசலுக்கு வழி பார்க்கக் கிளம்பினேன். ஓட்டலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். வழியில் ஒரு 'மாமாக்' கடையில், தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடையை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள், ஒரு ரிங்கிட் இருபது காசுக்குத் தேநீர், நல்ல தேநீர். திரும்பி வந்து சரியாகப் பன்னிரண்டுக்கு விரிப்பை எடுத்தேன். இரண்டு பேர் வந்தார்கள், ஆளுக்கு ஒரு புத்தகம் வாங்கினார்கள். பன்னிரண்டரைக்கு மாநாட்டில் இடைவேளை. வெள்ளிக்கிழமை என்பதால் இரண்டே முக்கால் வரை நீண்ட இடைவேளை. பன்னிரண்டே முக்காலுக்கு நான் மறுபடி விரிப்பைப் போர்த்திவிட்டுப் பள்ளிவாசலுக்கு நடந்தேன்.

அந்தத் தொழுகையைப் பற்றி நிறைய எழுதலாம். குளிர்ந்த தரை, கூரைக்கும் சுவருக்கும் நடுவே வீசிய காற்று, பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் என்னைப் பார்த்து இந்தியாவா என்று கேட்டு முதுகில் தட்டிக் கொடுத்தது. மனம் நிறைந்து வெளியே வந்தேன். அது பொய் இல்லை. இரண்டரை மணிக்கு நான் ஓட்டலுக்குள் நுழைந்தபோது என்னைவிடச் சந்தோஷமான ஆள் அந்தக் கட்டடத்தில் இருந்திருக்க முடியாது.

பக்கத்து மேசையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கிள்ளானிலிருந்து வந்த சரோஜா, பள்ளிக்கூடப் புத்தகம் விற்கும் மலேசியத் தமிழர். நான் போன பிறகுதான் வந்து கடை பரப்பியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் இந்தக் கடை உங்களுடையதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"ஒரு வெள்ளைக்காரரு வந்தாரு ண்ணே. தமிழ்லயே பேசுறாரு. காலையிலயும் வந்து பாத்தேன், மூடியிருந்துச்சு, இப்பவும் மூடியிருக்கு, இவங்க வரவே இல்லியான்னு கேட்டாரு. எனக்கு என்னா தெரியும்? வரல போலிருக்குன்னு சொல்லிட்டேன்."

அந்த ஆள் கொடுத்துவிட்டுப் போன அட்டையை நீட்டினார். அதே பேராசிரியர். பதிவு செய்யும் இடத்துக்கு ஓடினேன். அங்கே இருந்த பெண் நிகழ்ச்சி நிரலைத் திருப்பிக் காட்டினாள். காலை அமர்வில் அவர் பேசியிருக்கிறார். அந்த நிரல் எனக்கும் கொடுக்கப்பட்டிருந்தது, விரிப்புக்கு அடியில் பிரிக்காமல் கிடந்தது. வேறு வேலை இருப்பதால் அவர் ஒரு நாள் மட்டும்தான் வந்தார், இரண்டேகாலுக்கு விமான நிலையம் கிளம்பிவிட்டார் என்றாள் அந்தப் பெண்.

அஞ்சலாட்சியின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடப் போனேன். கடையை என்ன செய்வது என்று ஒரு நிமிடம் நின்றேன். மூன்றாவது தடவையும் அந்த விரிப்பைத் தொட எனக்குக் கை கூசியது. சரோஜா அம்மாவே, நான் பாத்துக்கிறேன் போங்க என்று சொல்லிவிட்டார்.

டாக்சி ஓட்டியவரும் தமிழர். அறுபது கிலோமீட்டர், எழுபத்தைந்து ரிங்கிட் என்றார். என்னிடம் இருந்தது நூற்றுப் பத்து. ஏறிவிட்டேன். எத்தனை மணி விமானம் என்று கேட்டார், தெரியாது என்றேன். எந்த விமானம் என்றார், அதுவும் தெரியாது என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வெள்ளிக்கெழம ஜாம் ஆவும் ண்ணே, பாப்போம் லா," என்றதோடு சரி. வழி நெடுக எண்ணெய்ப்பனைத் தோட்டம். நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அதன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலே கால் மணிக்கு விமான நிலையம். ஐரோப்பாவுக்குப் போகும் விமானக் கவுண்டர் ஒவ்வொன்றாகப் போய் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டேன். பயணியின் விவரத்தைச் சொல்ல மாட்டோம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். ஒரு பெண் மட்டும் இரக்கப்பட்டு, உள்ளே போயிருப்பார், இனிமேல் வெளியே வர மாட்டார் என்றாள். இந்தப் புத்தகத்தை அவரிடம் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். தெரியாத ஆளின் பொருளை வாங்கக் கூடாது என்றாள். அவள் சொன்னது நியாயம்தான்.

பயணிகள் உள்ளே போகும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அண்ணன்களை வழியனுப்ப மீனம்பாக்கத்துக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அப்போதும் இதே மாதிரிக் கண்ணாடிக்கு வெளியே நின்றிருக்கிறேன். திரும்பும்போது அதே எட்டு ரிங்கிட் பஸ். நகரத்துக்கு அது போதும், டாக்சி தேவையில்லை.

அன்றைக்கே சரோஜா அம்மாவின் மடிக்கணினியிலிருந்து முதலாளிக்கு நடந்ததை எழுதினேன். அவர் பேராசிரியருக்கு எழுதினார். மீதி இரண்டு நாள் கடையில் உட்கார்ந்திருந்தேன், ஆனால் அரை மனதோடுதான். கடைசி நாள் மத்தியானத்துக்கு மேல் எல்லாப் பதிப்பகமும் பாதி விலைக்குக் கொடுத்துவிடும், திரும்பச் சுமப்பதற்கு அதுவே லாபம். இது அங்கே எழுதாத வழக்கம், முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் புத்தகமும் முக்கால்வாசி போய்விட்டது. அஞ்சலாட்சியின் புத்தகத்தைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், கொடுத்தேன். நடுவில் நின்ற அந்த ஒரு பிரதியை மட்டும் கொடுக்கவில்லை. மல்லாட்டை உருண்டையை சரோஜா அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் திண்டிவனம் திரும்பின மறுநாள் பேராசிரியரின் பதில் வந்தது. மரியாதையான கடிதம். இரண்டு தடவை வந்தேன், மேசை மூடியிருந்தது, தூரத்திலிருந்து வரும் சின்னப் பதிப்பகங்கள் சில சமயம் வர முடியாமல் போவது சகஜம், அப்படித்தான் நினைத்துக்கொண்டேன், மத்தியானச் சாப்பாட்டின்போது இன்னொரு விண்ணப்பதாரரைச் சந்தித்தேன், அவரிடம் வேலையை உறுதி சொல்லிவிட்டேன், மிகவும் வருந்துகிறேன், எங்கள் நூலகத்துக்கு இந்தப் புத்தகம் ஒரு பிரதி வேண்டும் என்று எழுதியிருந்தார். ஒரு பிரதி அனுப்பினோம்.

முதலாளி அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு விரலை மடக்கி எதையோ கணக்குப் போட்டார்.

"நம்ம ஊரு பத்தரைன்னா அங்க ஒரு மணி. ஒன்னுலேந்து ரெண்டரை. நீங்க தொழுவப் போன நேரம் அது," என்றார். பிறகு மெதுவாக, "ஜோசியரு உள்ளூரு டைம்னுதான் சொன்னாரு பாய்," என்றார்.

நானும் அந்தக் கணக்கை டாக்சியிலேயே போட்டுப் பார்த்துவிட்டேன். நம் ஊர் நேரம் என்று சொல்லியிருந்தால் ஒரே மூடலில் அவர் ராகு காலமும் என் ஜும்மாவும் முடிந்திருக்கும். காலையில் பேராசிரியர் வந்தபோது கடை திறந்திருக்கும், நானும் அங்கே இருந்திருப்பேன். முதலாளி மேல் கோபப்பட்டால் மனம் ஆறும் என்று பார்த்தேன். முடியவில்லை. முதல் தடவை அவருக்காக மூடினேன், இரண்டாம் தடவை எனக்காக மூடினேன். இரண்டு தடவையும் ஒரு துண்டுத் தாளில் எத்தனை மணிக்கு வருவேன் என்று எழுதி அந்த விரிப்பின் மேல் வைத்திருந்தால் போதும். பேனா சட்டைப் பையிலேயே இருந்தது.

அஞ்சலாட்சியிடம் நானே சொல்கிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு விழுப்புரத்துக்குப் போனேன். கல்லூரி விடும் நேரம். பஸ் நிலையத்துக்கு வரும் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினார். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது, தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஒன்று விடாமல் சொன்னேன். மறைக்க எதுவும் இல்லை. முடித்த பிறகு அஞ்சலாட்சி கேட்டது ஒரே கேள்விதான், பேராசிரியர் புத்தகத்தைத் திறந்தாவது பார்த்தாரா என்று. இல்லை என்றேன்.

தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்தார். கண்ணீர் விடுவார் என்று பயந்தேன், விடவில்லை.

"எங்கப்பாவும் புது வலைய ராகு காலத்துல எடுக்க மாட்டாரு சார். நா போயிருந்தாலும் மூடித்தான் வெச்சிருப்பேன். ஆனா வலைய மூடி வெச்சா பக்கத்துல எங்கூட்டு ஆளு ஒருத்தர் ஒக்காந்துக்கினு இருப்பாங்க. யாராச்சும் வந்து கேட்டா சொல்லணுமில்ல."

குறை சொல்வதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது. அவருடைய பிரதியை எடுத்துக் கொடுத்தேன். பையில் வைத்துக்கொண்டார். திண்டிவனம் வரை ஒரே பஸ்ஸில்தான் வந்தோம், அவர் ஜன்னலோரம், நான் நடுப்பாதையில் நின்றபடி. இறங்கும்போது வர்றேன் சார் என்றார்.

அடுத்த ஜூனில் அவரைத் திரும்ப எடுத்தார்கள். அதற்கடுத்த ஜூனில் எடுக்கவில்லை.

போகப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பெட்டி இருபது கிலோவுக்கு மேல் வேண்டாம். மேசைக்குச் சரக்கு போய்ச் சேர ஒரு நாள் முன்னதாகவே ஏற்பாடு செய்யுங்கள், கூடுதலாக ஒரு ராத்திரி வாடகை போனாலும் பரவாயில்லை. நிகழ்ச்சி நிரலைக் கையில் கொடுத்த நிமிடமே பிரித்து, நீங்கள் பார்க்க வேண்டியவர் என்றைக்கு, எங்கே பேசுகிறார் என்று பாருங்கள். உங்கள் ஊர் வழக்கத்தை விட வேண்டாம், தொழுகையை விட வேண்டாம், ராகு காலம் பார்ப்பவர்கள் பாருங்கள். ஆனால் மேசையை மூடினால் ஏன் மூடினீர்கள், எப்போது திறப்பீர்கள் என்று எழுதி வையுங்கள். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒரு கடல் தாண்டினால் யாருக்கும் தெரியாது.

வெளிநாட்டு மாநாட்டுக்கு முதலாளி அதற்குப் பிறகு மேசை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அங்கிருந்து வந்ததிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகும்போது என் மேசையில் ஒரு அட்டை வைத்துவிட்டுப் போவேன். 'தொழுகைக்குப் போயிருக்கிறேன், இரண்டரைக்கு வருவேன்'. அச்சுக்கூடத்து ஆட்கள் சிரிப்பார்கள். வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குக் கரீம் பாய் எங்கே இருப்பார் என்று திண்டிவனத்தில் தெரியாதவர்கள் யார் என்று கேட்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

கல்லூரியில் எடுக்காத அந்த வருடம், ஒரு வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்தேன். என் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் அஞ்சலாட்சி உட்கார்ந்திருந்தார். திண்டிவனத்திலேயே ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேரப் போவதாகச் சொல்ல வந்திருக்கிறார். அட்டை அதே இடத்தில் இருந்தது. வந்து ரொம்ப நேரமாயிற்றா, முதலாளி அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கலாமே என்றேன்.

"இருக்கட்டும் சார். ரெண்டு பேரு ஒங்களத் தேடிக்கினு வந்தாங்க. தொழுவப் போயிருக்காரு, ரெண்டரைக்கெல்லாம் வந்துடுவாருன்னு சொன்னேன்," என்றார். பிறகு உள் அறையைக் கையால் காட்டினார். "ஒக்கார வெச்சிருக்கேன். போவல."